சேப்பாக்கம் மறக்காத இடது கை

மாதுங்காவின் பழைய தமிழ் ரசிகர்கள் பத்மாகர் ஷிவால்கரை முதலில் மன்னிக்க வேண்டியிருந்தது. 1973 ரஞ்சி இறுதி ஆட்டம். சேப்பாக்கத்தில் பந்து பம்பரமாய்ச் சுழன்றது. தமிழ்நாட்டிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள். ஆனால் அறுவடை செய்தது பம்பாயின் இந்த இடது கைச் சுழல் வீரர்தான்: 16 ரன்களுக்கு 8 விக்கெட், பிறகு 18 ரன்களுக்கு 5. தமிழ்நாடு 80, 61 என்று சுருண்டது. பம்பாய்க்குத் தொடர்ந்து 15-வது கோப்பை.

கோபம் தணிந்த பிறகு மிஞ்சியது ஆதங்கம். 124 முதல் தர ஆட்டங்கள், 589 விக்கெட்டுகள். சராசரி 20 ரன்களுக்கும் குறைவு. ஆனாலும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவர் காலத்தில் இடது கைச் சுழலுக்கு இந்திய அணியில் இருந்த இடம் பிஷன் சிங் பேடிக்குப் போனது. ஹரியானாவின் ராஜிந்தர் கோயலுக்கும் இதே கதிதான்.

ஷிவால்கர் பந்தைக் கீழே போடவில்லை. 1987-88 சீசனில், 47 வயதில் பம்பாய் மறுபடி அழைத்தது, வந்து வீசினார். 2017-ல் கிரிக்கெட் வாரியம் இருவருக்கும் சி.கே. நாயுடு விருது தந்தது. 2025 மார்ச்சில், 84 வயதில் ஷிவால்கர் மறைந்தார்.

டெஸ்ட் தரம் இருந்ததா என்று இன்னும் சந்தேகப்படுபவர்கள் தேர்வாளர்களைக் கேட்க வேண்டாம். அன்று தோற்ற தமிழ்நாட்டின் ரசிகர்களைக் கேட்கலாம்.