கணக்கில் வாராத விருந்து

வந்தாரை ஓம்பி வழியனுப்பும் பண்பே தமிழர்தம் தலையாய பண்பு என்று மேடைதோறும் முழங்கப்படுகின்றது. ஆயின், ஆண்டுதோறும் பல்லாயிரம் கல் தொலைவு பறந்துவந்து தமிழகக் கடற்கரையில் இறங்கும் ஒரு விருந்துக்கூட்டம் ஆண்டுக்காண்டு அருகி வருவதை, அக்கரையில் வாழ்வாருள் எத்துணைப் பேர் அறிவர்? உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் முதலிய கரையோரப் பறவைகளே அவ்விருந்து. நீரும் நிலமும் கலந்து கிடக்கும் சேற்றில் நடந்து, புழுவும் பூச்சியும் கொத்தியுண்டு வாழும் சிற்றுயிர்கள் அவை.

அவை மிகுதியாக வந்திறங்கும் இடங்களுள் தலையாயது கோடிக்கரை. சோழநாட்டுக் கடற்கரை தெற்கே ஓடி, மேற்கு நோக்கி மடங்கும் மூலை அது. அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரையிலும் அதற்கப்பாலும் விரிந்து கிடக்கின்றது திருமறைக்காட்டுப் பெருஞ்சதுப்பு. 1967-இல் கோடிக்கரை காட்டுயிர்ப் புகலிடம் ஆயிற்று. 2002-இல், ஈரநிலங்களைக் காக்கும் இராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் தமிழகத்தின் முதல் இடமாக அஃது இடம்பெற்றது. பெயரும் பெருமையும் வந்தன, பறவைகளோ குறைந்தன.

கொசு உள்ளானை எடுத்துக்கொள்க. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பறவை அது. வடமுனையை அடுத்த பனிவெளியில், குறுகிய கோடையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. அங்குப் பனி மூடுமுன் தெற்கே புறப்பட்டு, மழைக்காலத்திற்கு முன்பே தமிழகக் கரையை அடைகின்றது. இங்குத் தங்கும் திங்கள்களில் தின்று கொழுத்தாலன்றித் திரும்பிச் செல்லும் வலிமை அதற்கு இல்லை. எனவே, கோடிக்கரைச் சேற்றில் இரை குறைந்தால், பல்லாயிரம் கல் அப்பால் சைபீரியப் பனிவெளியில் கூடு வெறுமையாகும். இதனை உணர்ந்தார் எத்துணைப் பேர்?

மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவையறிஞர் சலீம் அலியின் வழிகாட்டலில், கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுக்கும் பணியைத் தொடங்கினர். 1980-களில் அங்கேயே நிலையம் அமைத்து ஆய்ந்தனர். அந்நாளில் நூறாயிரத்தையும் கடந்து திரண்ட கூட்டங்கள், பின்வந்த ஆண்டுகளில் பெரிதும் சுருங்கிவிட்டன. இந்நலிவு கோடிக்கரையோடு நின்றதன்று. 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், கரையோரப் பறவைகளுள் 16 வகைகளை முன்னினும் கடுமையான இடர்நிலைக்கு உரியனவாக அறிவித்தது. கோடிக்கரையில் கூட்டங்கூட்டமாக மேய்ந்த வளைந்த அலகுடைய உள்ளான்வகையும் அவற்றுள் ஒன்று.

நலிவின் காரணங்கள் பல. வடமுனை வெப்பமடைவதும், சீன, கொரியக் கரைகளில் சேற்றுநிலங்கள் தூர்க்கப்பட்டதும் நம் கைக்கு எட்டாதவை. கைக்கு எட்டுவன எவை? காவிரியின் கடைமடைக்கு வரும் நன்னீர் குறைந்தது. சதுப்பின் உவர்ப்பு மிகுந்தது. சதுப்பின் பரப்பில் தொழிற்சாலைகளின் உப்பளங்கள் விரிந்தன. உவர்ப்பு ஓரளவைக் கடந்த நீரில் உப்பிறால் போன்ற சிலவற்றைத் தவிரப் புழுவும் பூச்சியும் வாழா. பாத்திகளில் ஆழமாக நீர் தேக்கினாலோ, குட்டைக்கால் உள்ளானுக்கு நிற்க இடமில்லை. மேய்ச்சல் வெளிகளைச் சீமைக் கருவேலம் மூடுகின்றது. வலைவிரித்துப் பிடித்துக் கறிக்கு விற்கும் கொடுமையோ, 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை.

தமிழனுக்குப் பறவையைக் காக்கத் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை ஊர்மக்களே காத்தனர். வெள்ளையர் ஆட்சியின் தொடக்கக் காலத்திலேயே அதற்கு ஆட்சியரிடம் ஒப்புதல் பெற்றனர். கூந்தன்குளத்திலும் பறவைகளுக்கு ஊரே காவல். அங்கெல்லாம் இயன்றது கோடிக்கரையில் ஏன் இயலவில்லை?

விடை எளிது. வேடந்தாங்கலில் நாரையும் கொக்கும் மக்கள் கண்முன்னே கூடு கட்டுகின்றன, குஞ்சுகளை வளர்க்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. உள்ளானோ இங்குக் கூடு கட்டுவதில்லை. எச்சத்தால் எந்த வயலையும் வளப்படுத்துவதாக உழவன் கண்டதில்லை. வண்ணச் சிறகுகளைக் களைந்து, சேற்றின் நிறத்தில் வந்து, சேற்றோடு சேறாய் நின்றுவிட்டுப் போகின்றது. நூறு பறவை நின்ற இடத்தில் பத்து நின்றாலும் பார்ப்பவனுக்கு வேறுபாடு தோன்றாது. உள்ளான் என்ற ஒரே பெயரால் எல்லாவற்றையும் அழைப்பவனுக்கு, அவற்றுள் ஒரு வகை முற்றாக மறைந்தாலும் தெரியாது. பெயர் தெரியாததை எண்ண முடியாது. எண்ணாததன் இழப்பு எவர்க்கும் உறைப்பதில்லை.

எனவே, காப்பின் முதற்படி கணக்கெடுப்பே. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் நடைபெற்று வருகின்றது. அதனைச் செய்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலரே. 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000 பேர்க்கு மேற்பட்ட பறவை நோக்கர்களின் குறிப்புகளைக் கொண்டே 942 வகைகளின் நிலையை ஆராய்ந்தது. கற்றறிந்த சிலர் மட்டுமே செய்யும் வேலை இஃது என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே முறையில், ஆண்டு தவறாமல் எண்ணுதல் வேண்டும். ஓராண்டுக் கணக்கு ஒன்றையும் மெய்ப்பிக்காது. மழை மிகுந்தால் பறவை வேறு நீர்நிலைக்குப் போயிருக்கலாம். இருபதாண்டுக் கணக்கோ பொய் சொல்லாது. வெளியூர் ஆய்வாளர் திட்டம் முடிந்தால் திரும்பிவிடுவர். கரையிலேயே பிறந்து வளர்ந்த பரதவர் மகனும், உப்பளத் தொழிலாளியின் மகளும், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரும் அங்கேயே இருப்பர். அவர்கள் கையில் ஒரு தொலைநோக்கியும், தமிழ்ப்பெயர்களோடு கூடிய பறவைப் படநூலும், ஒரு குறிப்பேடும் வந்துவிட்டால், சதுப்புக்குக் கண் முளைத்ததாகும். வலை விரிப்பவனை முதலில் காணும் கண்ணும் அதுவே; பாத்தி விரிவதை முதலில் காணும் கண்ணும் அதுவே.

மக்களே வாடும்போது பறவைக்கு என்ன பரிவு என்று கேட்போர் உளர். கடைமடைக்கு நன்னீர் வாராமையால் உழவன் வாடுகின்றான்; கழியின் உவர்ப்பு மிகுந்து இறாலும் மீனும் குறைந்தால் மீனவன் வாடுகின்றான். உள்ளானும் அந்நீருக்கே ஏங்குகின்றது. இம்மூவர்க்கும் வழக்கு ஒன்றே. மூவருள் பேச இயலாததன் சார்பில் பேசுவது கணக்கு ஒன்றுதான்.

சதுப்புக்கு வரும் நன்னீரை உறுதி செய்க. புகலிடத்தை ஒட்டி உப்பளம் மேலும் விரியாமல் தடுக்க. வலைவீசுவோரைத் தண்டிக்க — என்று அரசை வற்புறுத்தல் வேண்டும். ஆனால், வெறுங்கையோடு வற்புறுத்தினால் அரசு செவிசாய்க்காது. கையில் ஆண்டுக் கணக்கு இருத்தல் வேண்டும். வரும் பருவத்தில் கோடிக்கரையில் இறங்கும் உள்ளான்களை எண்ண, அக்கரை இளைஞர் பத்துப் பேரேனும் எழுக! விருந்தின் தலைகளை எண்ணத் தெரியாத வீட்டில் விருந்தோம்பல் ஏது?