தண்ணீர் ஊற்றினால் போதுமா?

மே மாதம். பகல் 1 மணி. வேலூரில் வெயில் கொளுத்துகிறது. சாலை ஓரத்தில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. ஓட்டி வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். வண்டியில் இருந்து அனல் அடிக்கிறது.

நம் ஊரில் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? நாலு பேர் கூடிவிடுகிறார்கள். "என்ஜின் சூடாகிவிட்டது. தண்ணீர் ஊற்றுங்கள்" என்கிறார் ஒருவர். டீக்கடையில் இருந்து ஒரு சொம்புத் தண்ணீர் வருகிறது. என்ஜின் மேல் ஊற்றுகிறார்கள். "சுர்ர்" என்று ஆவி பறக்கிறது. "அவ்வளவுதான், இனி ஓடும்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்து போகிறார்கள்.

வண்டியும் ஓடுகிறது. ஆனால் சரியாகவில்லை!

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம். அதோடு விட்டுவிடுகிறோமா? காய்ச்சல் ஏன் வந்தது என்று டாக்டரிடம் கேட்கிறோம் அல்லவா? ஸ்கூட்டருக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

கேட்காததால் என் வீட்டில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் என்ஜினைத் தெரிந்துகொள்வோம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

நீங்கள் ஊற்றும் பெட்ரோல் முழுவதும் வண்டியை ஓட்டுவதற்குப் பயன்படுவதில்லை. கால் பங்கு பயன்படும். மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் சூடாகத்தான் போகிறது. புகைக் குழாய் வழியாகக் கொஞ்சம் போகும். மிச்சத்தை என்ஜினின் உடம்பு தாங்க வேண்டும். அந்தச் சூட்டை அவ்வப்போது வெளியேற்றாவிட்டால், உள்ளே பிஸ்டன் விரிந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மோட்டார் சைக்கிளில் என்ஜின் வெளியே தெரிகிறது. ஓடும்போது காற்று அதன் மேல் படுகிறது. ஸ்கூட்டரில் அப்படி இல்லை. சீட்டுக்கு அடியில் மூடி வைத்திருக்கிறார்கள். காற்று படாது. அதனால் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு விசிறியை வைத்தார்கள். 1946-ல் இத்தாலியில் வெளிவந்த முதல் வெஸ்பா ஸ்கூட்டரிலேயே இந்த விசிறி இருந்தது. இன்று நம் தெருவில் ஓடும் ஆக்டிவா, ஜுபிடர், ஆக்சஸ் எல்லாம் விசிறிக் காற்றில் ஆறுகிற வண்டிகள்தான். இவற்றில் தண்ணீர் கிடையாது. ஒழுகுவதற்கும் ஒன்றும் இல்லை.

என்ஜினைச் சுற்றி மீன் செதிள்போல் வரிவரியாகத் தகடுகள் இருக்கும். அவற்றின் மேல் ஒரு மூடி இருக்கும். விசிறிக் காற்று அந்த மூடிக்குள் புகுந்து, தகடுகளின் இடுக்கு வழியாகப் போகும். சூட்டையும் கொண்டு போகும்.

என் பழைய ஸ்கூட்டரை ஒரு முறை பழுது பார்க்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது அந்த மூடியைக் காணோம். கேட்டேன். "அது சும்மா கவர்தான் சார். இல்லாவிட்டால் காற்று நன்றாகப் படும்" என்றார் மெக்கானிக். நானும் நம்பினேன்! அந்தக் கோடை முழுவதும் வண்டி கொதித்தது.

மூடி அழகுக்கு அல்ல. அடுப்பு ஊதும்போது ஊதாங்குழல் எதற்கு? வெறும் வாயால் ஊதினால் காற்று நாலா பக்கமும் போய்விடும். குழல் இருந்தால் நெருப்பு இருக்கும் இடத்துக்கே போகும். ஸ்கூட்டரின் மூடியும் அப்படித்தான். அதைக் கழற்றி எறியும் மெக்கானிக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தகடுகளின் இடுக்கில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்தாலும் இதே கதைதான். சில வீடுகளில் எலி கூடு கட்டிவிடும். என்ஜின் ஆயில் குறைந்தாலும் சூடு ஏறும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் ஆயில் ஒரு லிட்டர்கூடக் கிடையாது. அதில் கால் லிட்டர் குறைந்தால் என்ன ஆகும், பாருங்கள்! பிரேக் இறுகிப் பிடித்தபடி ஓடினாலும், கணவன், மனைவி, 2 பிள்ளைகள், அரிசி மூட்டை என்று ஏற்றிக்கொண்டு மலை ஏறினாலும் சூடாகும். அது யாவரும் அறிந்தது.

தண்ணீர் ஓடும் ஸ்கூட்டர்

இப்போது வேறு வகை ஸ்கூட்டர்களும் வந்துவிட்டன. காரில் இருப்பதுபோல் இவற்றில் ரேடியேட்டர் உண்டு. 2021-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த யமஹா ஏராக்ஸ் 155 இந்த வகை. ஹீரோ ஜூம் 160-ம் இந்த வகைதான். வேகம் அதிகம். சூடும் அதிகம். விசிறிக் காற்று மட்டும் போதாது.

என்ஜினுக்குள் ஒரு திரவம் ஓடுகிறது. இதைக் கூலன்ட் என்கிறார்கள். பாதி தண்ணீர், பாதி கிளைகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை, நீலம், ரோஸ் என்று சாயம் போட்டிருப்பார்கள். ஒரு சிறு பம்பு இதைச் சுற்றவிடுகிறது. என்ஜினில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் விட்டுவிட்டு, மறுபடியும் என்ஜினுக்குப் போகிறது.

ரேடியேட்டரின் வாயில் ஒரு மூடி உண்டு. இதை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம். பிரஷர் குக்கர்தான் இது! தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டர் மூடியும் இப்படி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அடுப்பில் இருந்து இறக்கியதும் குக்கரை யாராவது திறப்பார்களா? ரேடியேட்டரை மட்டும் திறக்கிறார்கள்!

என் மகள் சொன்னாள், நான் கேட்கவில்லை

என் மகள் ராணிப்பேட்டையில் வேலை பார்க்கிறாள். தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறாள். தண்ணீர் ஓடும் வகை வண்டி. கம்பெனிப் பெயர் வேண்டாம். எந்த வண்டியிலும் ரப்பர் தேயத்தான் செய்யும்.

ஒரு நாள், "அப்பா, வண்டியை நிறுத்தும்போது ஒரு இனிப்பு வாசனை வருது" என்றாள்.

"தெருமுனையில் மிட்டாய்க்கடை இருக்கிறதே, அம்மா" என்றேன் நான்.

அவள் மெக்கானிக்கிடமும் சொன்னாள். அவர் கூலன்ட் டப்பாவைப் பார்த்தார். குறைந்திருந்தது. ஊற்றினார். அடுத்த மாதமும் குறைந்திருந்தது. ஊற்றினார். 3-வது முறையும் ஊற்றினார். 3 முறையும் பில் போட்டார். "ஊற்றியது எங்கே போயிற்று?" என்று அவரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பாவை மெதுவாக ஓட்டச் சொல்லுங்க சார்" என்றார். வண்டி ஓட்டுகிறவள் அவள். வாசனையைக் கண்டுபிடித்தவளும் அவள். பேச்சு மட்டும் என்னோடு!

ஒரு மாலை, வீட்டுக்கு வரும் வழியில் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. எச்சரிக்கை விளக்கு முன்கூட்டியே எரியவில்லை. ஏன் தெரியுமா? சூட்டைக் காட்டும் கருவி கூலன்டில் முழுகி இருக்க வேண்டும். கூலன்டே இல்லாவிட்டால் அது சூட்டைச் சரியாகக் காட்டாது.

உதவிக்கு வந்த ஒரு நல்ல மனிதர் ரேடியேட்டர் மூடியைத் திருகினார். உள்ளே மிச்சம் இருந்தது கொதித்துப் பீறிட்டது. அவருடைய முன்கை வெந்துபோயிற்று. என் மகள் ஒரு அடி தள்ளி நின்றாள். அதனால் தப்பினாள். அவர் 10 நாள் கட்டுப்போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் இருந்தார். தினக்கூலி வாங்குகிறவர். நான் போய்ப் பார்த்தபோது, "பரவாயில்லை, அண்ணே" என்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

(வெந்த இடத்தில் மை, பற்பசை, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிடுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, வேறு ஒருவர் கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினாராம். என்ஜினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிவிடும், விரிசலும் விடும். பிஸ்டன், சிலிண்டர், தலைப்பகுதி எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. பில் 14,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் காரணம் பம்பின் உள்ளே தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையம். அதன் விலை சில நூறு ரூபாய்தான்.

ஒழுகும் இடம் எது?

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது, அடியில் பழைய பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் பாருங்கள். கறுப்பாக, வழுவழுப்பாக இருந்தால் ஆயில். பெட்ரோல் வாசனை வந்தால் தீக்குச்சியைப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். பச்சையோ, நீலமோ, ரோஸ் நிறமோ தெரிந்தால் கூலன்ட்.

பேப்பரில் ஒன்றும் இல்லையா? அதோடு விட்டுவிடாதீர்கள். சூடாக ஓடும்போது மட்டும் கசியும் இடங்கள் உண்டு. சொட்டு கீழே விழும் முன்பே காய்ந்துவிடும். அங்கே வெள்ளையாகவோ சாயமாகவோ பொரிந்த தடம் இருக்கும். ரப்பர் குழாயின் கவ்விகள் இருக்கும் இடத்திலும், ரேடியேட்டரின் ஓரத்திலும் பாருங்கள். பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அந்தத் துளையை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். அதில் சொட்டினால் உள்ளே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். அதைப் பசை வைத்து அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள்!

வெளியில் எங்கும் தடம் இல்லை. ஆனாலும் கூலன்ட் குறைகிறது என்றால் விஷயம் பெரிது. உள்ளேயே கசிகிறது. ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறதா, சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். தள்ளிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. சில ஸ்கூட்டர்களில் ரேடியேட்டர் என்ஜினின் பக்கத்திலேயே, பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இருக்கும். மழைக்காலத்துச் சேறு அதில் அப்பிக்கொள்ளும். மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடைக் குழாயைக் கிட்டத்தில் வைத்துப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்பு வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரிலும் படியும். வழியில் நின்றுவிட்டால், நிழலில் ஒதுக்கி, கை வைக்கும் சூடு வரும்வரை காத்திருங்கள். அவசரத்துக்குக் குடிக்கிற தண்ணீர் ஊற்றலாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை எடுத்துவிட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலன்டை ஊற்றச் சொல்லுங்கள்.

இனிக்கும் விஷம்

இதைத் தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டும். கூலன்டில் சேர்க்கும் எதிலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும். ஆனால் விஷம். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உயிரையும் வாங்கும். திண்ணை ஓரம் தேங்கிய சொட்டை நாய் நக்கும். தவழும் குழந்தை விரலால் தொட்டு வாயில் வைக்கும். சொட்டைக் கண்டால் உடனே மண் போட்டுத் துடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிச்சத்தைக் கலர் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நிறமும் கலர் மாதிரியே இருக்கிறதே, பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாராவது குடித்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெண்களிடம் சொல்லுங்கள்

வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க மானியம் கொடுக்கும் திட்டம் 2018-ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. பாதி விலை, அதிகம் போனால் 25,000 ரூபாய் கொடுத்தார்கள். நல்ல காரியம். பெண்கள் ஓட்டுகிறார்கள். ஆனால் பழுது பார்க்கும் இடத்தில் இன்னும் அப்பாவிடமும் அண்ணனிடமும்தான் பேசுகிறார்கள். "உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். தினமும் அந்த வண்டியின் சத்தத்தையும் வாசனையையும் அறிந்தவர் அவர்தானே! அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? தேய்ந்த பொருளைக் கழற்றினால் அதை அவர் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். பில்லில் "கூலன்ட் ஊற்றியது" என்று எழுதினால், எதனால் குறைந்தது என்பதையும் எழுத வேண்டும். மெக்கானிக்குகளைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மேல் உள்ள குறையையும் சொல்லிவிட்டேன்.

போன மாதம் என் மகள் புதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டாள். அவர் டப்பாவைப் பார்த்தார். "கொஞ்சம் குறையுது. ஊற்றிவிடட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"குறைஞ்சது எங்கே போச்சு, அண்ணே?" என்றாள் அவள்.

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கத் தொடங்கினார்.