படிக்கத் தெரியாதா?

இரண்டாம் ஆண்டு, சிவில்

சுற்றுலா போய் வந்தவர்கள் ஆண்டு மலரில் சிற்பத்தைப் பற்றி எழுதுவார்கள், கடற்காற்றைப் பற்றி எழுதுவார்கள். நான் டிக்கெட் கவுண்டரைப் பற்றி எழுதப் போகிறேன். எந்த இடத்துக்குப் போனாலும் நாம் முதலில் பார்ப்பது கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைத்தானே! அந்த முகம் நம்மைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நண்பர்களே, கவுண்டரின் அமைப்பை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? சிவில் படிப்பதால் என் கண் அங்கேதான் போகிறது. முன்னால் கண்ணாடி அல்லது கம்பி. கீழே அரை வட்டமாக ஓர் ஓட்டை. உள்ளே நாற்காலியில் இருப்பவருக்கு அது கை எட்டுகிற உயரம். வெளியே நிற்பவருக்கு வயிற்று உயரம். ஆகவே காசு கொடுக்கிறவர் குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே ஃபேன் சத்தம், வெளியே கூட்டத்தின் சத்தம். ஒரு தடவை கேட்டால் காதில் விழாது. இரண்டாம் தடவை கேட்டால் கோபம் வந்துவிடும். பாதிச் சண்டைக்கு இந்த ஓட்டைதான் காரணம் என்பது என் தாழ்மையான கருத்து. மீதிப் பாதிக்கு ஓட்டையைக் குறை சொல்ல முடியாது.

சென்ற விடுமுறையில் அம்மாவையும் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு அப்படி ஓர் இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அம்மா கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான்தான் முதல் ஆள். "நாமளும் கட்டடம் கட்டறோம், அந்தக் காலத்துல எப்படிக் கட்டினாங்கன்னு பாக்கணும்டா" என்று அவராகவே ஆசைப்பட்டுக் கிளம்பினார்.

நான் பையை ஒப்படைத்துவிட்டு வருவதற்குள் அம்மா வரிசையில் கவுண்டர் வரை போய்விட்டார். "தம்பி, ஆளுக்கு எவ்வளவு? இந்தச் சின்னவனுக்கும் எடுக்கணுமா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. தலை நிமிராமல் பதில் வந்தது: "போர்டுல எழுதிப் போட்டிருக்குல்ல? படிக்கத் தெரியாதா?"

"தெரியாது தம்பி. அதனாலதான் உங்களைக் கேக்கறேன்" என்றார் அம்மா. குரலில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. கலவைக்கு எத்தனை சட்டி மணல் என்று மேஸ்திரியிடம் கேட்கிற அதே குரல்.

அந்த ஆள், "காலையிலேருந்து இதே ரோதனை" என்று முணுமுணுத்துக்கொண்டு மூன்று டிக்கெட்டைத் தள்ளினார். பின்னால் நின்ற ஒரு பெரியவர்தான் போர்டைப் பார்த்து, சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது என்று சொன்னார். மூன்றாவது டிக்கெட்டை நான் திருப்பி நீட்டினேன். "கிழிச்சது கிழிச்சதுதான்." சற்றுப் பின்னால் வந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு அதே வாய் "வெல்கம் சார்" என்றது. ஆக, பேசத் தெரியாதவர் இல்லை.

இது ஒரு அம்மாவின் கதை மட்டுமல்ல. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 7 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்குச் சுமார் 73 பேர்தான். மீதி 27 பேர் சுற்றிப் பார்க்க வரக்கூடாதா? படித்தவனுக்குப் போர்டு இருக்கிறது. படிக்காதவருக்குக் கவுண்டரில் இருக்கும் ஆள்தான் போர்டு. எல்லோருக்கும் பலகையே போதும் என்றால் உள்ளே சம்பளம் கொடுத்து ஆளை எதற்கு உட்கார வைக்கிறார்கள்?

விதியும் இவர்களுக்குச் சாதகமாக இல்லை. மத்தியத் தொல்லியல் துறை 2018-ல் திருத்திய கட்டணத்தில், மாமல்லபுரம் போன்ற உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கு இந்தியர் ரொக்கமாகக் கொடுத்தால் 40 ரூபாய், ரொக்கமில்லாமல் செலுத்தினால் 35 ரூபாய் என்று வைத்தார்கள். (நான் சொன்ன இடம் மாமல்லபுரம் இல்லை.) போனில் பணம் கட்டத் தெரிந்த எனக்கு 5 ரூபாய் லாபம். சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுக்கும் அம்மாவுக்கு அது கிடையாது. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமே இல்லை. இதை எவராவது வாய் திறந்து சொன்னால்தானே தெரியும்?

"உட்கார்ந்து பார்த்தால்தான் அவன் கஷ்டம் தெரியும்" என்கிறான் என் அறை நண்பன். உண்மைதான். சில்லறை கிடைக்காது, கணக்கு குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், பல இடங்களில் வேலையும் நிரந்தரமில்லை. ஆனால் டவுன் பஸ் கண்டக்டரைப் பாருங்கள். பஸ் நெற்றியில் ஊர் பேர் எழுதியிருக்கும். ஆனாலும் "இது எங்கப்பா போவுது?" என்று நாள் முழுக்கக் கேட்பார்கள். நெரிசலில் நின்றுகொண்டே பெரும்பாலான கண்டக்டர்கள் சொல்லிவிடுகிறார்கள். எரிந்து விழுகிறவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "படிக்கத் தெரியாதா" என்று ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை.

அந்த இடத்தின் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். வாய் உயரத்தில், தரையிலிருந்து நாலரை அடியில், கண்ணாடியில் இன்னொரு ஓட்டை வேண்டும். அளவோடு டிராயிங்கும் போட்டு இணைத்திருக்கிறேன். கட்டணப் பலகையில் எழுத்தோடு படமும் போட வேண்டும். சின்னப் பிள்ளையைக் கண்டால் டிக்கெட் வேண்டாம் என்று அவர்களே சொல்ல வேண்டும். தவறிக் கிழித்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வேண்டும். அம்மா கைநாட்டு வைத்துவிட்டார். மனு சங்க அறையில் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் தேர்வு விடுமுறைக்கு முன்னால் வந்து போடலாம்.