சுலைமானியாவும் கூலிக் கணக்கேடுகளும்

இஸ்தான்புல் நகரின் குன்றொன்றின்மீது எழுந்து நிற்கும் சுலைமானியாப் பள்ளிவாசல், ஒட்டோமன் பேரரசன் சுலைமானின் ஆணைப்படி 1550 முதல் 1557 வரையான காலப்பகுதியிற் கட்டப்பட்டதாகும். அதன் வரலாற்றைக் கூறப் புகுவோரிற் பலர், மன்னனின் பெருமையையும் தலைமைக் கட்டடக் கலைஞன் சினானின் மேதைமையையும் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். வேறு சிலரோ, இத்தகைய பெருங்கட்டடங்கள் யாவும் அடிமைகளின் முதுகின்மீதே எழுந்தன என ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். சான்றுகளை நோக்காது முடிவுக்கு வருவதில் இவ்விரு சாராரும் ஒத்தவரே.

சான்றுகள் இல்லாமற் போகவில்லை. கட்டடப் பணியின் கணக்கேடுகள் அழியாது எஞ்சியுள்ளன. துருக்கிய வரலாற்றறிஞர் ஓமர் லுத்பி பார்கான் அவற்றை ஆராய்ந்து, 1972 இலும் 1979 இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றின்படி, மொத்த வேலைநாட்களில் ஏறத்தாழ 55 வீதம் கூலி பெற்ற சுதந்திரத் தொழிலாளருடையது. 40 வீதம் யனிச்சேரிப் படைக்கெனத் திரட்டப்பட்ட இளம் பயிலுநருடையது. கப்பல்களில் துடுப்பு வலித்த அடிமைகளின் பங்கு 5 வீதமளவே. கைவினைஞருள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் கிறித்தவராவர்.

எனவே, அடிமைகளே கட்டினர் என்ற கூற்று நிலைக்காது. ஒரு மதத்தாரின் தனிச்சாதனை என்ற பெருமிதமும் நிலைக்காது. அதற்காக மன்னனின் கருணையைப் பாடவும் இடமில்லை. அப்பயிலுநர் பெரும்பாலும் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து அரசாற் பறித்தெடுக்கப்பட்ட பிள்ளைகள். சினானும் அவ்வழியே வந்தவன். கைவினைஞரை அனுப்பிவைக்குமாறு மாகாண நீதிபதிகளுக்கு அரசாணைகள் சென்றன. கூலி இருந்தது, கூடவே கட்டாயமும் இருந்தது.

பள்ளிவாசலைச் சூழ அமைந்த மதரசாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கு உணவளித்த மடைப்பள்ளி ஆகியவற்றைக் காட்டி, மன்னனின் கொடைத்திறனை வியப்போரும் உளர். அவற்றைப் பேணுவதற்கு எழுதிவைக்கப்பட்டது கிராமங்களின் வருவாயாகும். உழவன் செலுத்திய வரியே மன்னனின் கொடையாகப் பெயர் மாறிற்று.

சினானின் கலையை எவரும் மறுக்கவேண்டியதில்லை. ஏறத்தாழ 53 மீற்றர் உயரத்தில் அமைந்த அக்குவிமாடம் அவனது ஆற்றலுக்குச் சான்றாக நிற்கின்றது. ஆயின், அதனைத் தாங்கும் கல்லை வெட்டியோரும் சுமந்தோரும் பெற்ற நாட்கூலி ஏட்டிலே பதிவாகியிருக்க, அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது எழுதப்படும் வரலாறு அரைகுறை வரலாறே. ஆதாரம் கிடைக்கவில்லை என்று இனியும் அதற்குச் சாட்டுச் சொல்ல இயலாது.