நொதியும் உவமையும்

அறியாத பொருளை அறிந்த பொருளால் விளக்குவது உவமை. செய்யுளுக்கு அணியாக அமையும் அது, அறிவியலுக்கு வழிகாட்டும் விளக்காக அமைகிறது. ஆயினும் விளக்கையே பொருள் என மயங்குதல் கூடாது. நொதிகளைப் பற்றிய ஆராய்ச்சி இவ்வுண்மையை நன்கு புலப்படுத்தும்.

உடலில் நிகழும் வேதி மாற்றங்களை விரைவுபடுத்துவன நொதிகள். அவை பெரும்பாலும் புரதங்களே. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளை மட்டும் தேர்ந்து ஏற்பது எவ்வாறு? செருமானிய வேதியியல் அறிஞர் எமில் பிஷர் 1894-ஆம் ஆண்டில் இதற்கு ஓர் உவமை கூறினார். நொதி பூட்டுப் போன்றது. அதனிடம் வந்து பொருந்தும் பொருள் திறவுகோல் போன்றது என்பதே அது. எளிமையும் அழகும் வாய்ந்த இவ்வுவமை நெடுங்காலம் நிலைபெற்றது.

ஆனால், திறவுகோல் நுழைவதனால் பூட்டின் வடிவம் மாறுவதில்லை. நொதியோ அத்தகையதன்று. ஹெக்சோகைனேஸ் என்னும் நொதி, ஏ.டி.பி. என்னும் பொருளிலிருந்து பாஸ்பேட்டுத் தொகுதியைப் பெற்றுக் குளுக்கோசுக்கு அளிக்கிறது. குளுக்கோஸ் அமரும் இடத்தில் அதனினும் மிகச் சிறிய நீர் மூலக்கூறு எளிதில் புகலாம். பூட்டு உவமையே முழு உண்மையாயின், அந்நொதி பாஸ்பேட்டை நீருக்கு ஈந்து வீணாக்க வேண்டும். அவ்வாறு நிகழ்வது மிக அரிது. ஏன்? அமெரிக்க அறிஞர் டேனியல் கோஷ்லண்டு 1958-ஆம் ஆண்டில் விடை கூறினார். உரிய பொருள் வந்து சேரும்போதுதான் நொதி தன் வடிவை மாற்றி வினைக்கு ஏற்றதாகிறது என்றார் அவர். பின்னர் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியில், குளுக்கோஸ் வந்தவுடன் அந்நொதியின் இரு மடல்களும் அதனைக் கவ்வி மூடுவது தெரியவந்தது.

தமிழிலக்கணம் கற்றோர்க்கு இது வியப்பன்று. பொன் என்னும் சொல், வளை என்பதனோடு சேர்ந்து பொன்வளை என இயல்பாக நிற்கும். குடம் என்பதனோடு சேர்ந்து பொற்குடம் எனத் திரியும். பிரித்தால் மீண்டும் பொன்னே. நொதியும் வருவதற்கேற்பத் திரிந்து, வினை முடிந்தபின் பழைய நிலை எய்துகிறது.

சிறு மூலக்கூறு மட்டுமன்றி, மற்றொரு புரதமும் நொதியின் வடிவை மாற்றவல்லது. உயிரணுப் பிரிதலுக்குத் துணைபுரியும் சி.டி.கே. 2 என்னும் நொதி தனித்து நிற்கும்போது அதன் வாயில் அடைபட்டிருக்கும். சைக்ளின் என்னும் புரதம் வந்து பற்றியவுடன் அடைப்பு விலகி நொதி செயலுக்கு ஆயத்தமாகிறது. உரிய காலத்தில் உரிய துணை வந்தாலன்றி அவ்வேலை தொடங்காது. இக்கட்டுப்பாடு குலையின் புற்றுநோய்க்கு இடமுண்டாகும்.

இளையோர்க்குப் பூட்டும் திறவுகோலுமே போதும் என்பார் உளர். அது பொருந்தாது. குருதிப் புற்றுநோயின் ஒரு வகையில் ஏ.பி.எல். என்னும் நொதி ஓயாது செயற்பட்டு வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. அந்நொதி செயலற்றிருக்கும் வடிவினைப் பற்றிக்கொண்டு, அதனை மாறவிடாது தடுப்பது இமாட்டினிப் என்னும் மருந்து. அது 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுப் பலருடைய வாழ்நாளை நீட்டித்தது. நொதிக்கு ஒரே வடிவம் என்று கற்றவர்க்கு இம்மருந்தின் திறம் விளங்குமோ?

கோஷ்லண்டின் கருத்தும் முடிந்த முடிபன்று. துணைப்பொருள் வாராத போதும் நொதி அசைந்து பல வடிவங்களை மாறி மாறி எய்துகிறது என்றும், வரும் பொருள் அவற்றுள் தனக்கேற்றதைப் பற்றி நிலைபெறச் செய்வதும் உண்டு என்றும் இன்றைய அறிஞர் காட்டுகின்றனர்.

ஆகவே, பழைய உவமையை இகழ்தல் வேண்டா, அது முதற்படி. அப்படியிலேயே நின்றுவிடுதல்தான் பிழை. எந்த உவமையைக் கற்பினும், அது எதுவரை பொருந்தும், எங்கே பொருந்தாது என்று ஆராய்வதே மாணவர் கடமை. அவ்வாராய்ச்சியே அறிவை வளர்க்கும்.