குளியலறைக்கும் கணக்கு வேண்டும்

குடவோலை முறையால் புகழ் பெற்றது நம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை வைகுண்டப் பெருமாள் கோயிலில் இன்றும் காணலாம். தேர்தலைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் ஏரியைக் காக்க ‘ஏரி வாரியம்’ என்று தனிக் குழு இருந்ததையும், வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் அவ்விதி விலக்கி வைத்ததையும் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? பொதுப்பொருளைக் கையாள்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே நம் முன்னோர் கண்ட நெறி.

இன்று நம் வீட்டுக் குளியலறையில் அந்தக் கணக்கு உண்டா? குழாயில் நிமிடத்திற்கு 6 லிட்டர் நீர் விழுவதாகக் கொள்வோம். அதைத் திறந்துவிட்டு மூன்று நிமிடம் பல் துலக்கினால் 18 லிட்டர் வீண். ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒரு செம்பு நீரில் முடியும் வேலைக்கே போய்விடுகிறது!

“வயலுக்குப் பாயும் நீரின் முன் இது எம்மாத்திரம்?” என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான், குளியலறைச் சிக்கனத்தால் ஏரி நிரம்பிவிடாது. ஆனால் ஊர் மேல்நிலைத் தொட்டியின் நீர் அளவுள்ளது. முதல் தெருவில் குழாய் வீணே ஓடினால், கடைசித் தெருவில் குடத்தோடு ஒரு தாய் காத்து நிற்கிறாள். கடைமடைக்கு நீர் வராத துயரம் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாததா? 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் சென்றது. நம் கடைசித் தெருவுக்கு எந்த இரயில் வரும்?

செய்ய வேண்டியவை எளியவை. குழாயடியில் நிற்காமல் வாளியில் பிடித்துக் குளிப்போம். சொட்டும் குழாய்க்கு உடனே வாஷர் மாற்றுவோம். துணி அலசிய நீரைக் கழிப்பறைக்கு ஊற்றுவோம். குளித்த நீரைக் கொல்லை வாழைக்குத் திருப்புவோம். மோட்டாரைப் போட்டவரே தொட்டி வழியுமுன் நிறுத்தட்டும்.

இவற்றைப் பெண்கள் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்குவது முறையன்று. பட்டம் பெறப்போகும் நாமே வீட்டின் ஏரி வாரியமாவோம். நாள்தோறும் கணக்குக் காட்டுவோம்!