70 கொண்டை ஊசி வளைவும் 20 நாள் சிகிச்சையும்

கொல்லிமலை திண்ணனூர் நாட்டில் ஒருவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்றால், ‘கரன்ட் வைக்கணும்’ என்பதைவிடப் பெரிய கவலை, தினமும் எப்படிப் போய்வருவது என்பதுதான். கதிர்வீச்சு எந்திரம் இருப்பதோ கீழே, சேலம் போன்ற நகரங்களில். காரவள்ளி இறங்கவே 70 கொண்டை ஊசி வளைவுகள்!

முன்பெல்லாம் வாரம் 5 நாள் வீதம் 7, 8 வாரங்கள் சிகிச்சை நடக்கும். இப்போது தினசரி அளவைக் கூட்டி, 20 நாள்களில் முடிக்கிறார்கள். பலன் குறைவதில்லை என 2016-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. பரவாத, ஆபத்து குறைந்த கட்டி என்றால் 5 நாளில் முடியும் ‘எஸ்.பி.ஆர்.டி’ முறையும் உண்டு. சுரப்பிக்குள்ளேயே கதிர்வீச்சைச் செலுத்தும் ‘பிராக்கிதெரபி’ இன்னொரு வழி. எது பொருந்தும் என்பதை பி.எஸ்.ஏ அளவு, பயாப்ஸி, ஸ்கேன் பார்த்து டாக்டர் முடிவுசெய்வார்.

சிகிச்சையின்போது சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும். மலைப்பயணத்தில் அடக்கிக்கொண்டு வருவது சிரமம். மருத்துவமனை சேர்ந்தபின் தண்ணீர் குடித்தால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்குச் சிறுநீர் எரிச்சலும் அடிக்கடி போகும் உணர்வும் இருக்கலாம்.

முதல்வர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். “குறைந்த நாள் சிகிச்சை எனக்குப் பொருந்துமா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாள் குறைந்தால், பாதியில் நிறுத்துகிறவர்களும் குறைவார்கள்.